உங்கள் வெப்சைட்டுக்கு எந்த விளம்பரத் திட்டம்?

சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்ட வாசகர்கள் சில மாதங்களில் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வெப்சைட் ஒன்றைத் தொடங்கி அதில் விளம்பரம் போட்டால் பணம் வருமாமே, உண்மையா?"

உண்மைதான். ஆனால் அந்தப் பணத்தை யார் தருகிறார்கள், நடுவில் யார் எவ்வளவு எடுத்துக் கொள்கிறார்கள், நம் கைக்கு வரும் தொகை சரியானதுதானா என்பதைத் தெரிந்து கொண்டு இறங்குபவர்கள் குறைவு. முதலில் கண்ணில் படும் திட்டத்தில் சேர்ந்துவிட்டு, வந்தது வரட்டும் என்று இருப்பவர்களே அதிகம். மாலை நேரங்களில் பல மாதங்கள் உழைத்து உருவாக்கும் தளம் அது. அதில் உள்ள இடத்தின் மதிப்பு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இந்தப் பாடத்தில் விளம்பரத் திட்டங்கள் எப்படி இயங்குகின்றன, அவற்றுக்குள் நடக்கும் போட்டி உங்கள் வருமானத்தை எப்படி மாற்றுகிறது, ஒரு திட்டத்தில் சேரும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

மூன்று பேர் இருக்கிறார்கள்

வாழைத்தார் விற்கும் மண்டியை நினைத்துக் கொள்ளுங்கள். தார் கொண்டு வரும் விவசாயி ஒருவர். வாங்க வரும் வியாபாரி ஒருவர். நடுவில் ஏலம் விட்டு, பணத்தை வாங்கிக் கொடுத்து, கமிஷன் எடுத்துக் கொள்ளும் மண்டிக்காரர் ஒருவர்.

இன்டர்நெட் விளம்பரமும் இதே கதைதான். விவசாயியின் இடத்தில் இருப்பவர் நீங்கள். உங்களை பப்ளிஷர் என்று அழைப்பார்கள். பொருளை விற்க விரும்பி விளம்பரம் தரும் நிறுவனம்தான் வியாபாரி. இவர்களை இணைக்கும் விளம்பரத் திட்டம்தான் மண்டி. கூகுள் நடத்தும் ஆட்சென்ஸ் இப்படிப்பட்ட ஒரு மண்டி. மீடியா டாட் நெட், அமேசான் அசோசியேட்ஸ் போன்றவை வேறு மண்டிகள்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. திட்டத்தில் பதிவு செய்தவுடன் சில வரிகள் கொண்ட ஒரு கோட் தருவார்கள். அதை உங்கள் பக்கத்தின் எச்.டி.எம்.எல். பகுதியில் ஒட்ட வேண்டும். யாராவது அந்தப் பக்கத்தைத் திறந்தால், கோட் இயங்கித் திட்டத்தின் சர்வரைத் தொடர்பு கொள்ளும். சர்வர் ஒரு விளம்பரத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பணம் தரும் 3 வழிகள்

1. காட்டினால் பணம்: விளம்பரம் 1,000 முறை காட்டப்பட்டால் இவ்வளவு என்று கணக்கு. இதைச் சி.பி.எம். என்பார்கள்.

2. கிளிக் செய்தால் பணம்: பார்வையாளர் விளம்பரத்தில் கிளிக் செய்தால்தான் பணம். இது சி.பி.சி.

3. வாங்கினால் பணம்: உங்கள் தளத்தில் உள்ள லிங்க் வழியாகச் சென்று ஒருவர் பொருள் வாங்கினால், விலையில் ஒரு பங்கு கமிஷனாக வரும். இதனை அபிலியேட் முறை என்பார்கள்.

மூன்றும் மூன்று விதமாக இருப்பதால், எது நல்லது என்று எப்படி ஒப்பிடுவது? இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு தேவைப்படுகிறது. எல்லாவற்றையும் "1,000 பக்கப் பார்வைக்கு எவ்வளவு ரூபாய்" என்று மாற்றிக் கொள்ளுங்கள்.

உங்கள் தளத்தில் மாதம் 10,000 பக்கங்கள் பார்க்கப்படுவதாக வைத்துக் கொள்வோம். (இந்த எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக் கொண்டவை.) முதல் திட்டம் 1,000 முறை காட்ட 12 ரூபாய் தருகிறது. மாதம் 120 ரூபாய். இரண்டாவது திட்டத்தில் 200 பார்வைக்கு ஒரு கிளிக் விழுகிறது. அதாவது 50 கிளிக். ஒவ்வொன்றுக்கும் 3 ரூபாய் என்றால் 150 ரூபாய். மூன்றாவது திட்டத்தில் 4 பேர் ஆளுக்கு 500 ரூபாய்க்குப் புத்தகம் வாங்குகிறார்கள். கமிஷன் 5 சதவீதம் என்றால் 100 ரூபாய்.

1,000 பார்வைக்கு 12, 15, 10 ரூபாய். இரண்டாவது திட்டம் முந்துகிறது. ஆனால் உங்கள் தளம் புத்தக விமர்சனத் தளமாக இருந்து, 4 பேருக்குப் பதில் 8 பேர் வாங்கினால்? மூன்றாவது திட்டம் 20 ரூபாய்க்கு எகிறிவிடும். ஆக, எல்லாருக்கும் பொதுவான "நல்ல திட்டம்" என்று எதுவும் இல்லை. உங்கள் தளத்துக்கு எது பொருந்துகிறது என்று அளந்துதான் பார்க்க வேண்டும்.

போட்டி வந்த வழி

கொஞ்சம் வரலாறு பார்ப்போம். 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு என்ற அமெரிக்க வெப்சைட்டில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் பேனர் விளம்பரம் வெளியானது. இன்று நாம் பார்க்கும் பேனர்களுக்கு அதுவே முன்னோடி. அமேசான் தன் அசோசியேட்ஸ் திட்டத்தை 1996ல் தொடங்கியது. 1998ல் கோடூ டாட் காம் என்ற தேடல் தளம், விளம்பரதாரர்கள் ஏலம் கேட்டு, கிளிக்குக்குப் பணம் கட்டும் முறையைக் கொண்டு வந்தது. இது பின்னர் ஓவர்ச்சர் என்று பெயர் மாறியது. 2003ல் யாகூ இதனைச் சுமார் 163 கோடி டாலருக்கு வாங்கியது.

அதே 2003ல்தான் கூகுள் ஆட்சென்ஸ் வந்தது. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்து, அதற்குப் பொருத்தமான விளம்பரத்தை அதுவே தேர்ந்தெடுத்தது. தோட்டக்கலை பற்றி எழுதினால் விதை விளம்பரம், கேமரா பற்றி எழுதினால் லென்ஸ் விளம்பரம். பெரிய நிறுவனங்களிடம் பேரம் பேச ஆள் இல்லாத தனி மனிதர்கள்கூட விளம்பரம் பெற முடிந்தது.

உடனே போட்டி சூடு பிடித்தது. யாகூ 2005ல் பப்ளிஷர் நெட்வொர்க் என்ற திட்டத்தைச் சோதனை முறையில் தொடங்கியது. அது அமெரிக்காவில் உள்ளவர்களுக்கு மட்டும். சிட்டிகா, ஆட்பிரைட் போன்ற சிறிய திட்டங்களும் களத்தில் இருந்தன. சிட்டிகா பொருள்களின் படங்களுடன் விளம்பரம் காட்டியது. ஆட்பிரைட்டில் விளம்பரதாரர் தனக்குப் பிடித்த தளத்தை நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொன்றும் பப்ளிஷர்களைத் தன் பக்கம் இழுக்க ஏதாவது ஒரு வசதியைத் தந்தது.

அவை எல்லாம் என்ன ஆயின? யாகூவின் திட்டம் 2010 ஏப்ரலிலும், ஆட்பிரைட் 2013 பிப்ரவரியிலும், சிட்டிகா 2019லும் மூடப்பட்டன. இவற்றில் ஒன்றை மட்டும் நம்பியிருந்த தளங்கள் ஒரே அறிவிப்பில் வருமானத்தை இழந்திருக்கும். புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது.

கமிஷன் எவ்வளவு?

ஆட்சென்ஸ் தொடங்கிப் பல ஆண்டுகள் வரை, விளம்பரதாரர் தரும் 100 ரூபாயில் தளம் நடத்துபவருக்கு எத்தனை ரூபாய் வருகிறது என்பதைக் கூகுள் வெளியிடவில்லை. 2010 மே மாதத்தில்தான் சொன்னது. பக்கங்களில் வரும் விளம்பரத்துக்கு 68 சதவீதம், தளத்தில் வைக்கும் தேடல் பெட்டி வழியே வரும் விளம்பரத்துக்கு 51 சதவீதம்.

2023 நவம்பரில் இந்தக் கணக்கை இரண்டு படியாகப் பிரித்து அறிவித்தது. விளம்பரதாரர் கூகுள் ஆட்ஸ் மூலம் 100 ரூபாய் தந்தால், அங்கே சராசரியாக 15 ரூபாய் கழியும். மீதி 85 ரூபாயில் 80 சதவீதம் தளத்துக்கு. 85ல் 80 சதவீதம் எவ்வளவு? 68 ரூபாய். பழைய பங்கேதான். இன்னொரு மாற்றமும் அப்போது அறிவிக்கப்பட்டது. 2024 தொடக்கத்திலிருந்து ஆட்சென்ஸ் கிளிக் கணக்கை விட்டு, காட்டினால் பணம் என்ற முறைக்கு மாறியது.

இதில் கவனிக்க வேண்டியது, சதவீதம் மட்டும் உங்கள் வருமானத்தைத் தீர்மானிப்பதில்லை. 10 ரூபாய் ஏலத்தில் 80 சதவீதத்தைவிட, 20 ரூபாய் ஏலத்தில் 60 சதவீதம் அதிகம். ஏலத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதே முக்கியம்.

ஏலம் எப்படி நடக்கிறது?

பெரிய தளங்கள் ஒரே நேரத்தில் பல திட்டங்களை வைத்திருக்கும். ஆரம்பத்தில் இவற்றை வரிசை கட்டி நிறுத்தினார்கள். முதல் திட்டத்திடம் "இந்த இடம் வேண்டுமா?" என்று கேட்கும். அது வேண்டாம் என்றால் இரண்டாவது. அதுவும் மறுத்தால் மூன்றாவது. தண்ணீர் படிப்படியாக இறங்குவது போல இருப்பதால் இதற்கு வாட்டர்பால், அதாவது அருவி முறை என்று பெயர்.

இதில் ஒரு குறை உண்டு. வரிசையில் முதலில் நிற்கும் திட்டம் 1,000 பார்வைக்கு 45 ரூபாய் தருகிறது என்று கொள்வோம். அதற்கே இடம் போய்விடும். பின்னால் நிற்கும் திட்டம் 60 ரூபாய் தரத் தயாராக இருந்தாலும் அதனிடம் யாரும் கேட்கவே மாட்டார்கள். 1,000 பார்வைக்கு 15 ரூபாய் நஷ்டம். மாதம் 10,000 பார்வை என்றால் 150 ரூபாய். வருடத்துக்கு 1,800 ரூபாய். ஒரு டொமைன் பெயரை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் செலவு இதற்குள் அடங்கிவிடும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் ஹெடர் பிட்டிங். பக்கம் திறக்கும் போதே எல்லாத் திட்டங்களிடமும் ஒரே நேரத்தில் விலை கேட்கும் முறை இது. இதற்கான பிரீபிட் என்ற இலவச சாப்ட்வேர் 2015ல் வெளியானது. மண்டியில் ஒவ்வொரு வியாபாரியாகக் காதோடு காதாகக் கேட்பதற்குப் பதில், எல்லாரையும் நிற்க வைத்து உரக்க ஏலம் கேட்பது போல. ஆனால் இதை அமைத்திடக் கொஞ்சம் தொழில்நுட்ப அறிவு வேண்டும். பக்கம் திறக்கும் வேகமும் குறையலாம். எனவே புதியவர்கள் முதல் நாளே இதில் இறங்க வேண்டாம். இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

மண்டிக்காரரே இரண்டு பக்கமும் இருந்தால்?

மண்டிக்காரரே விவசாயியின் கணக்குப்பிள்ளையாகவும் இருந்து, வியாபாரிக்காக ஏலம் கேட்கும் ஆளாகவும் இருந்தால் என்ன ஆகும்? ஏலம் நேர்மையாகத்தான் நடக்கிறதா என்ற சந்தேகம் வராதா?

இணைய விளம்பரத்தில் இந்தக் கேள்வி கோர்ட் வரை போனது. தளங்களில் எந்த விளம்பரம் எங்கே வர வேண்டும் என்பதைக் கவனித்துக் கொள்ளும் டபுள்கிளிக் நிறுவனத்தை 310 கோடி டாலருக்கு வாங்குவதாகக் கூகுள் 2007ல் அறிவித்தது. 2008ல் அது கைமாறியது. அதன் பிறகு விளம்பரதாரர் பயன்படுத்தும் கருவி, தளம் நடத்துபவர் பயன்படுத்தும் ஆட் சர்வர், நடுவில் ஏலம் நடக்கும் எக்ஸ்சேஞ்ச் ஆகிய மூன்றுமே கூகுளிடம் இருந்தன.

அமெரிக்க நீதித்துறை 2023 ஜனவரியில் வழக்குத் தொடர்ந்தது. 2025 ஏப்ரலில் வர்ஜீனியாவில் உள்ள பெடரல் நீதிமன்றத்தின் நீதிபதி லியோனி பிரிங்கெமா தீர்ப்பு வழங்கினார். ஆட் சர்வர், எக்ஸ்சேஞ்ச் ஆகிய இரண்டு சந்தைகளிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் வைத்திருந்தது, இரண்டையும் ஒன்றோடு ஒன்று பிணைத்து வைத்தது என்பது தீர்ப்பின் சாரம். விளம்பரதாரர் பக்கத்துச் சந்தை பற்றிய குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. தனக்கு எதிரான பகுதியை எதிர்த்து அப்பீல் செய்யப் போவதாகக் கூகுள் கூறியது. 2025 செப்டம்பரில் ஐரோப்பிய கமிஷன் இதே துறை தொடர்பாகக் கூகுளுக்கு 295 கோடி யூரோ அபராதம் விதித்தது.

இதற்கு மாறான ஒரு வழக்கும் உண்டு. தளங்களின் தேடல் பெட்டிகளில் போட்டியாளர்களின் விளம்பரம் வராதபடி ஒப்பந்தம் போட்டதாக 2019ல் ஐரோப்பிய கமிஷன் விதித்த 149 கோடி யூரோ அபராதத்தை, ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. எனவே "பெரிய நிறுவனம் என்றாலே மோசடி" என்று நான் சொல்ல வரவில்லை. விலை கேட்க ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றால், அவர் தரும் விலை நியாயமானதா என்று சோதித்துப் பார்க்க உங்களுக்கு வழியே இருக்காது. நான் சொல்ல வருவது இதுதான்.

அபிலியேட் திட்டங்களிலும் இதே கதைதான். அமேசான் 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் பல பொருள்களுக்கான கமிஷனைக் குறைத்தது. மேசை நாற்காலி போன்ற பொருள்களுக்கு 8 சதவீதமாக இருந்தது 3 சதவீதம் ஆயிற்று. அதே அளவு விற்பனை, அதே உழைப்பு. வருமானம் மட்டும் பாதிக்கும் கீழே போனது.

தமிழில் எழுதினால்?

தமிழ்த் தளம் நடத்த விரும்புபவர்கள் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். ஆட்சென்ஸ் ஆதரிக்கும் மொழிகளின் பட்டியலில் இந்தி 2014ல் சேர்ந்தது. தமிழ் சேர்ந்தது 2018 பிப்ரவரியில்தான். இப்போது தமிழ்ப் பக்கங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் வேறு திட்டங்களில் சேரும் முன், அவை தமிழை ஏற்கின்றனவா என்று அவற்றின் விதிமுறைப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். ஆங்கிலத் தளத்துக்குக் கிடைக்கும் அத்தனை திட்டங்களும் தமிழ்த் தளத்துக்குக் கிடைப்பதில்லை. போட்டி குறைவு என்றால் விலையும் குறைவு.

இதைச் சமாளிக்க ஒரு வழி, நேரடி விளம்பரம். உங்கள் ஊர் பற்றிய தளம் என்றால், அந்த ஊர் ஜவுளிக் கடைக்காரரிடமே சென்று மாதத்துக்கு இவ்வளவு என்று பேசலாம். நடுவில் கமிஷன் இல்லை. அவருக்குத் தேவையான வாடிக்கையாளர்களே உங்கள் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்பதால், திட்டங்கள் தருவதைவிட அதிகமாகத் தரவும் அவர் முன்வரலாம்.

சேரும் முன் பார்க்க வேண்டியவை

1. பணம் எப்போது வரும்? ஆட்சென்ஸில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். அதற்கு முன்பே, 10 டாலர் சேர்ந்தவுடன் உங்கள் வீட்டு முகவரிக்குத் தபாலில் ஒரு பின் எண் வரும். அதைப் பதிவு செய்திட வேண்டும். முகவரியைத் தவறில்லாமல் தாருங்கள்.

2. வேறு திட்டங்களையும் வைக்க அனுமதி உண்டா? இல்லை என்றால் யோசியுங்கள்.

3. குறைந்தபட்ச பார்வைகள் கேட்கிறார்களா? சில திட்டங்கள் மாதத்துக்கு இத்தனை பார்வை இருந்தால்தான் சேர்த்துக் கொள்ளும்.

4. விலகுவது எப்படி? விலகினால் சேர்ந்திருக்கும் பணம் வருமா?

5. உங்கள் தளத்தில் பிரைவசி பாலிசி பக்கம் இருக்கிறதா? விளம்பரங்கள் பார்வையாளரின் பிரவுசரில் குக்கிகளைப் பதிக்கும். இதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு.

6. 'ஆட்ஸ் டாட் டி.எக்ஸ்.டி.' என்ற சிறிய பைலை அமைத்துவிட்டீர்களா? உங்கள் தளத்தின் இடத்தை விற்க யார் யாருக்கு அனுமதி என்று எழுதி வைக்கும் பட்டியல் இது. அடுத்தவர் தளத்தின் பெயரைச் சொல்லிப் போலி இடங்களை விற்றவர்களைத் தடுக்க 2017ல் இந்த முறை கொண்டு வரப்பட்டது. நோட்பேடிலேயே தயாரித்திடலாம். எழுத வேண்டிய வரியைத் திட்டமே தரும்.

இவற்றை நம்பாதீர்கள்

"வீட்டில் உட்கார்ந்து விளம்பரங்களைக் கிளிக் செய்யுங்கள், மாதம் ஆயிரக்கணக்கில் சம்பாதியுங்கள்" என்று சொல்லி, சேருவதற்குக் கட்டணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் மேலே சொன்ன ஆட்சென்ஸ், அமேசான் திட்டங்களில் சேருவதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கட்டச் சொன்னால் அங்கேயே நிறுத்திக் கொள்ளுங்கள்.

உங்கள் தளத்து விளம்பரத்தை நீங்களே கிளிக் செய்வதும், நண்பர்களைச் செய்யச் சொல்வதும் விதிமீறல். கணக்கு மூடப்படும். சேர்ந்த பணமும் விளம்பரதாரருக்கே திரும்பிப் போகும். போலிக் கிளிக்குகளுக்குப் பணம் வசூலித்ததாக விளம்பரதாரர்கள் தொடர்ந்த வழக்கில், கூகுள் 2006ல் 9 கோடி டாலர் வரை ஈடு தர ஒப்புக் கொண்டது. அந்த அளவுக்குப் பெரிய பிரச்சினை இது. திட்டங்கள் இதில் கண்ணும் கருத்துமாக இருப்பதில் வியப்பில்லை.

ஒரு பயிற்சி

தளம் தொடங்கிவிட்டவர்களுக்கு ஒரு பயிற்சி தருகிறேன். எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் சாப்ட்வேரைத் திறந்து, தேதி, பக்கப் பார்வை, வருமானம் என்று 3 பத்திகள் போடுங்கள். முதல் 4 வாரங்கள் ஒரு திட்டத்தை மட்டும் வைத்துத் தினமும் எண்களைப் பதிவு செய்யுங்கள். அடுத்த 4 வாரங்கள் அதே இடத்தில், அதே அளவில் வேறொரு திட்டத்தை வையுங்கள். கடைசியில் மொத்த வருமானத்தை மொத்தப் பார்வையால் வகுத்து 1,000 ஆல் பெருக்குங்கள். இரண்டு எண்கள் கிடைக்கும். பண்டிகைக் காலத்தில் விளம்பரதாரர்கள் அதிகம் செலவழிப்பார்கள் என்பதால், தீபாவளி மாதத்தையும் சாதாரண மாதத்தையும் ஒப்பிட வேண்டாம்.

வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்பவர்கள், மேலே போட்ட கணக்கை மீண்டும் ஒருமுறை பாருங்கள். 10,000 பார்வைக்கு 150 ரூபாய். அது பத்து மடங்கானாலும் 1,500 ரூபாய்தான். எனவே முதல் ஆண்டில் தளத்தின் செலவு தளத்திலிருந்தே வந்தால் அதுவே நல்ல தொடக்கம் என்பது என் கருத்து. திட்டங்கள் வரும், போகும், விதிகளை மாற்றும். உங்கள் எழுத்தைத் தேடி வரும் வாசகர்கள் இருக்கும்வரை, அந்த இடத்துக்கு விலை கேட்க இன்னொருவர் வருவார். எனவே முதலில் வாசகரைச் சேருங்கள். விலை கேட்டு வருபவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த எக்செல் பைலில் தொடர்ந்து குறித்து வாருங்கள்.